லிவ் உல்மன்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாக நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் லிவ் உல்மன் நடித்த படங்களைப் போட்டுக் காட்டி வருகிறேன். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒவ்வொரு முறையும் வாயால் சொன்னதை இந்த முறை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

இவங்க ஸ்வீடன் நடிகையா, நார்வே நடிகையா? பேரை எப்படிச் சொல்லணும்?

நார்வேக்காரர். புகழ் பெற்ற படங்களில் பெரும்பாலானவை ஸ்வீடனில், ஸ்வீடிஷ் மொழியில் எடுக்கப்பட்டவை. குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. நார்வீஜியனும் ஸ்வீடிஷும் ஒன்றுக்கொன்று புரியும் அளவுக்கு நெருங்கிய மொழிகள். ஆனாலும் லிவ் பேசும் ஸ்வீடிஷில் நார்வே வாடை அடிக்கும் என்பதை அந்த ஊர்க்காரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தமிழில் லிவ் என்று எழுதுகிறோம். நார்வேயில் 'லீவ்' என்று கொஞ்சம் நீட்டிச் சொல்வார்கள். அந்த மொழியில் அதற்கு 'வாழ்வு', 'உயிர்' என்று பொருள்.

டோக்கியோவில் பிறந்தாங்கன்னு போட்டிருக்கே, அது தப்பான தகவலா?

சரியான தகவல்தான். 1938 டிசம்பர் 16 அன்று டோக்கியோவில் பிறந்தார். தந்தை விமானப் பொறியாளர், வேலை நிமித்தமாக ஜப்பானில் இருந்தார். லிவுக்கு இரண்டு வயதானபோது குடும்பம் கனடாவின் டொரோண்டோவுக்குப் போனது. ஜெர்மனி நார்வேயைப் பிடித்துக்கொண்ட காலம் அது. தாய்நாட்டை விட்டு வெளியேறிய நார்வே விமானப்படை வீரர்களுக்கு டொரோண்டோவில்தான் பயிற்சி முகாம் இருந்தது.

லிவுக்கு ஆறு வயதிருக்கும்போது தந்தை இறந்துபோனார். நார்வேயில் இருந்த தாத்தாவின் கதை இன்னும் கொடுமையானது. யூதர்கள் தப்பிப்போக உதவினார் என்று நாஜிகள் அவரைப் பிடித்து டாக்காவ் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். அங்கேயே இறந்தார். போர் முடிந்ததும் தாயும் இரண்டு பெண் குழந்தைகளும் நார்வே திரும்பினார்கள். லிவ் வளர்ந்தது ட்ராண்ட்ஹைம் நகரில்.

நடிப்பு எங்கே படிச்சாங்க?

பெரிய படிப்பு என்று எதுவும் இல்லை. பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு லண்டன் போய், அங்கே ஒரு நாடகப் பள்ளியில் சில மாதங்கள் பயின்றார். ஓஸ்லோவில் இருந்த அரசு நாடகப் பள்ளி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிறகு ஸ்டாவாங்கர் என்ற துறைமுக நகரின் நாடகக் குழுவில் வேலை கிடைத்தது. 1957-இல் அங்கே அவர் போட்ட முதல் பெரிய வேடம் ஆன் ஃப்ராங்க்.

வதைமுகாமில் தாத்தாவைப் பறிகொடுத்த பெண், பதினெட்டு வயதில், ஒளிந்து வாழ்ந்த அந்த யூதச் சிறுமியாக மேடையேறினார். அதற்குப் பிறகு ஓஸ்லோ மேடைகள், சில நார்வே படங்கள். 1959-இல் வந்த 'உங் ஃப்ளுக்ட்' அவற்றில் முக்கியமானது. அதை இயக்கியவர் எடித் கார்ல்மார், நார்வேயின் முதல் பெண் இயக்குநர்.

பெர்க்மன் கண்ணில் எப்படிப் பட்டாங்க?

பிபி ஆண்டர்ஷன் வழியாக. பிபி அப்போதே ஸ்வீடன் இயக்குநர் இங்மார் பெர்க்மனின் படங்களில் நடித்துப் பேர் வாங்கியவர். 1962-இல் வந்த ஒரு படத்தில் லிவும் பிபியும் சேர்ந்து நடித்தபோது நல்ல தோழிகள் ஆனார்கள். ஸ்டாக்ஹோம் தெருவில் இருவரையும் சேர்ந்து பார்த்த பெர்க்மனை அவர்களுக்குள் இருந்த முகச்சாயல் பிடித்துக்கொண்டது. 1965-இல் அவர் உடல்நலம் கெட்டு மருத்துவமனையில் படுத்திருந்தபோது அந்தச் சாயலே ஒரு கதையாக வளர்ந்தது. அதுதான் 1966-இல் வெளிவந்த 'பெர்சோனா'.

படப்பிடிப்பு 1965 கோடையில். லிவுக்கு 26 வயது, பெர்க்மனுக்கு 47.

'பெர்சோனா'வில் அவங்க பேசவே இல்லையே. வசனமே இல்லாம நிக்கிறது என்ன பெரிய நடிப்பு?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. கேட்பவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை, ஏனென்றால் முதல் தடவை பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. கதை இதுதான்: எலிசபெத் வோக்லர் என்ற நடிகை 'எலெக்ட்ரா' நாடகத்தின் நடுவே திடீரென்று பேச்சை நிறுத்திவிடுகிறாள். உடம்பில் கோளாறு இல்லை, மனதிலும் நோய் இல்லை என்கிறார் மருத்துவர். அல்மா என்ற தாதி (பிபி ஆண்டர்ஷன்) துணைக்கு வர, இருவரும் கடற்கரை வீடு ஒன்றில் தங்குகிறார்கள். அல்மா பேசிக்கொண்டே இருக்கிறாள். எலிசபெத் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அடுத்த முறை பார்க்கும்போது ஆரம்பத்தில் வரும் மருத்துவமனைக் காட்சியை மட்டும் கவனியுங்கள். எலிசபெத் கட்டிலில் படுத்திருக்கிறாள், வானொலியில் பாக்கின் வயலின் இசை. கேமரா அவள் முகத்தை விட்டு அசையவில்லை. அறையில் வெளிச்சம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்து, முகம் கிட்டத்தட்ட இருட்டில் கரைந்துவிடுகிறது. அவ்வளவு நேரமும் லிவ் ஒன்றுமே 'செய்வதில்லை'. ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது. உள்ளே என்னவோ நடக்கிறது, அது நமக்குச் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். இன்னொரு இரவு தொலைக்காட்சியில் வியட்நாம் புத்த துறவி ஒருவர் தீக்குளிக்கும் காட்சி ஓடும். எலிசபெத் பின்வாங்கிப் பின்வாங்கி அறை மூலையில் ஒண்டிக்கொள்வாள். பேச்சை நிறுத்திக்கொண்டவளால் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை.

என்னைக் கேட்டால், லிவ் உல்மனின் கலை கேட்பதில் இருக்கிறது. எதிரில் இருப்பவர் பேசும்போது அந்த முகத்தில் நடப்பதுதான் காட்சி. அடுத்து வரும் பல பதில்களில் நான் இதற்கே திரும்பி வருவேன்.

கடைசியில ரெண்டு முகமும் ஒண்ணா சேருதே, அது யார் முகம்?

பாதி லிவ், பாதி பிபி. அல்மா ஒரே நீண்ட பேச்சை இரண்டு முறை பேசுவாள். முதல் முறை கேமரா கேட்பவளின் முகத்தில் இருக்கும், இரண்டாவது முறை பேசுபவளின் முகத்தில். அதன் முடிவில் இரண்டு பாதிகளும் ஒட்டி ஒரே முகமாகின்றன. இந்தத் துண்டை நடிகைகளிடம் போட்டுக் காட்டியபோது, ஒவ்வொருவரும் மற்றவரின் முகம் என்று நினைத்துக்கொண்டார்கள் என்று பெர்க்மன் சொல்லியிருக்கிறார்.

இங்மார் பெர்க்மனும் இங்ரிட் பெர்க்மனும் அண்ணன் தங்கச்சியா? ரெண்டு பேர் கூடவும் லிவ் நடிச்சிருக்காங்களே?

உறவே இல்லை. இங்மார் இயக்குநர், இங்ரிட் ஹாலிவுட்டில் கொடிகட்டிப் பறந்த நடிகை. இருவரும் ஸ்வீடன்காரர்கள், குடும்பப் பெயர் தற்செயலாக ஒன்று. மூவரும் சேர்ந்தது ஒரே ஒரு படத்தில், 1978-இல் வந்த 'ஆட்டம் சொனாட்டா'. 1976-இல் வரி வழக்கு ஒன்றில் பெர்க்மனைக் கைது செய்தார்கள். பிறகு வழக்கு நிற்கவில்லை என்றாலும் மனம் நொந்து ஸ்வீடனை விட்டே போய்விட்டார். அதனால் இந்தப் படம் நார்வேயில் எடுக்கப்பட்டது. திரையரங்குக்காக இங்ரிட் நடித்த கடைசிப் படம் இது.

இங்ரிட் உலகம் சுற்றும் பியானோ கலைஞர் ஷார்லட். லிவ் அவருடைய மகள் ஏவா, கிராமத்துப் பாதிரியாரின் மனைவி. கண்ணாடியும் பின்னலுமாக, தன்னைத் தானே ஒளித்துக்கொள்வதைப்போல உடுத்தியிருப்பாள். ஏழு வருடம் கழித்து அம்மா, மகளின் வீட்டுக்கு வருகிறாள். மகள் சோப்பானின் பிரெல்யூட் (சின்னப் பியானோ இசைத்துண்டு) ஒன்றை, தப்பிவிடுமோ என்ற பயத்தோடு வாசித்துக் காட்டுகிறாள். சரி, எப்படி இருந்தது என்று கேட்கிறாள். அம்மா சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, அதே பிரெல்யூடை எப்படி வாசிக்க வேண்டும் என்று உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறாள். அந்த வாசிப்பு முழுக்க ஏவா பியானோக் கட்டைகளைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் முகத்தையே பார்க்கிறாள். வியப்பு, தோல்வி, சின்ன வயது ஏக்கம், கொஞ்சம் வெறுப்பு, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து போகும். மேலே சொன்ன அந்தக் கேட்கும் முகம் இதுதான். பாதிப் படத்துக்குப் பிறகு இரவில் வெடிக்கப்போகும் பேச்சு எல்லாம் இந்த இரண்டு நிமிடத்திலேயே இருக்கிறது.

ஒரு துணுக்கு: நாம் கேட்கும் பியானோவை வாசித்தவர் கேபி லாரெட்டெய், பெர்க்மனின் முன்னாள் மனைவி. சிறுவயது ஏவாவாக வருவது லிவ், பெர்க்மன் இருவரின் மகள் லின்.

அப்போ லிவும் பெர்க்மனும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களா?

இல்லை. 'பெர்சோனா' எடுக்கும்போது காதல் வந்தது. அப்போது லிவுக்கு ஒரு மனநல மருத்துவரோடு திருமணம் ஆகியிருந்தது, பெர்க்மனும் மணமானவர். 1966 ஆகஸ்டில் மகள் லின் பிறந்தாள். பால்டிக் கடலில் ஃபாரோ என்ற சின்னத் தீவு இருக்கிறது. காட்லாந்துக்கு வடக்கே, கல்லும் ஆடும் காற்றுமாக இருக்கும் இடம். அங்கே பெர்க்மன் கட்டிய வீட்டில் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஐந்து வருடம்போல நீடித்தது. தனிமை, பெர்க்மனின் பொறாமை, வீட்டைச் சுற்றி அவர் எழுப்பிய மதில் எல்லாவற்றையும் லிவ் பின்னாளில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

படப்பிடிப்பின் ஆரம்பத்திலேயே, நாம் இருவரும் வலியோடு பிணைக்கப்பட்டிருப்பதாகக் கனவு கண்டேன் என்று பெர்க்மன் சொன்னாராம். பிரிந்த பிறகுதான் அவர்களுடைய நட்பு நிலைபெற்றது. முப்பத்தைந்து வருடத்துக்கும் மேல், 2007-இல் பெர்க்மன் இறக்கும்வரை அது அறுபடவில்லை. லிவைத் தன்னுடைய ஸ்ட்ராடிவேரியஸ் வயலின் என்று பெர்க்மன் சொல்வாராம். லிவ் அதைப் பெருமையோடு நினைவுகூர்வார். எனக்கு அந்த ஒப்பீட்டில் உடன்பாடு இல்லை. வயலின் தானாக எதையும் முடிவு செய்யாது. லிவ் செய்தார். பதினேழாவது, பதினெட்டாவது கேள்விகளைப் பாருங்கள்.

சேர்ந்து மொத்தம் எத்தனை படம்?

நடிகையாகப் பத்து. 'பெர்சோனா', 'அவர் ஆஃப் த வுல்ஃப்', 'ஷேம்', 'த பேஷன் ஆஃப் அன்னா', 'க்ரைஸ் அண்ட் விஸ்பர்ஸ்', 'சீன்ஸ் ஃப்ரம் எ மேரேஜ்', 'ஃபேஸ் டு ஃபேஸ்', 'த சர்ப்பென்ட்ஸ் எக்', 'ஆட்டம் சொனாட்டா', 2003-இல் 'சாராபேண்ட்'. பெர்க்மனின் திரைக்கதையை லிவ் இயக்கியவை தனிக் கணக்கு.

இதில் 'க்ரைஸ் அண்ட் விஸ்பர்ஸ்' பற்றி ஒரு வார்த்தை. சுவரெல்லாம் சிவப்பாக இருக்கும் வீட்டில் ஒரு சகோதரி செத்துக்கொண்டிருக்கிறாள், இரண்டு சகோதரிகள் காத்திருக்கிறார்கள். லிவ் கடைசித் தங்கை மரியா, அழகி, மேலோட்டமானவள். ஒரு காட்சியில் பழைய காதலரான மருத்துவர் அவளைக் கண்ணாடி முன் நிறுத்தி, வருடங்கள் அந்த முகத்தில் என்னென்ன செய்திருக்கின்றன என்று வரி வரியாகப் படித்துக் காட்டுவார். வாயோரத்தில் எப்போது அலட்சியம் வந்தது, நெற்றியில் எப்போது சலிப்பு வந்தது என்று. அவள் சிரித்துக்கொண்டே கேட்பாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போவதைப் பாருங்கள்.

டிவி நடிகைன்னும் சொல்றாங்களே, டிவியில என்ன பண்ணினாங்க?

இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 'சீன்ஸ் ஃப்ரம் எ மேரேஜ்' முதலில் தொலைக்காட்சித் தொடர். 1973 ஏப்ரல் 11 முதல் மே 16 வரை வாரம் ஒன்றாக ஆறு பகுதிகள் ஸ்வீடன் தொலைக்காட்சியில் வந்தன. 'ஃபேஸ் டு ஃபேஸ்' நான்கு பகுதித் தொடராக எடுக்கப்பட்டது. 'சாராபேண்ட்' டிஜிட்டல் கேமராவில் தொலைக்காட்சிக்காகவே எடுக்கப்பட்டது. ஆக, அவருடைய மிகச் சிறந்த நடிப்பில் பாதி வரவேற்பறைப் பெட்டிக்காகச் செய்தது.

'சீன்ஸ்' தொடரில் லிவ் மரியன், விவாகரத்து வழக்குகளை எடுக்கும் வக்கீல். எர்லாண்ட் யோசெப்ஷன் கணவர் யோஹான். மூன்றாவது பகுதியில் யோஹான் இன்னொரு பெண்ணோடு மறுநாளே பாரிஸ் போகப்போவதாகச் சொல்கிறான். மரியன் கத்தவில்லை. பெட்டி கட்ட உதவுகிறாள், எந்த கோட்டை எடுத்துப்போகிறாய் என்று கேட்கிறாள். இடிந்துபோன ஒரு பெண் பழக்கத்தின் பலத்தில் கை கால்களை அசைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் போன பிறகு தோழிக்கு ஃபோன் செய்கிறாள். நண்பர்களுக்கெல்லாம் இது முன்பே தெரியும் என்று அப்போது தெரியவருகிறது. அந்த ஃபோன் உரையாடலில் எதிர்முனைக் குரல் நமக்குக் கேட்காது. மறுபடியும் கேட்கும் முகம்தான்.

தொடரைப் பார்க்கணுமா, படத்தைப் பார்த்தா போதுமா?

தொடர் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். வெளிநாடுகளில் திரையிட பெர்க்மன் அதை மூன்று மணிக்குள் சுருக்கினார். நேரம் இருந்தால் தொடர்தான். வாரத்துக்கு ஒரு பகுதி என்று அந்தக் காலத்து ஸ்வீடன்காரர்கள் பார்த்ததுபோல் பாருங்கள். ஒரே மூச்சில் பார்த்தால் சண்டைகள் மட்டுமே மனதில் தங்கும். இரண்டாம் பகுதியின் சின்னச் சின்னச் சலிப்புகள் மறந்துவிடும், உண்மையில் திருமணம் உடைவது அங்கேதான்.

2021-இல் ஹெச்பிஓ எடுத்தது வேறு. அது மறு ஆக்கம், நடித்தவர்கள் ஜெசிக்கா சாஸ்டெய்னும் ஆஸ்கர் ஐசக்கும்.

அந்தத் தொடர் வந்து ஸ்வீடன்ல விவாகரத்து கூடிப்போச்சாமே?

நல்ல கதை, எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. ஆனால் 1974 தொடக்கத்தில் ஸ்வீடனில் புதிய மணமுறிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. யார்மீது தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை என்று ஆனதும் காத்திருந்தவர்கள் எல்லாம் விண்ணப்பித்தார்கள், எண்ணிக்கை ஏறியது. தொடர் 1973-இல் வந்ததால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். வீடுகளில் பேச்சைக் கிளப்பியது தொடர், கதவைத் திறந்துவிட்டது சட்டம். ஒரு நடிகையின் தலையில் ஒரு நாட்டின் விவாகரத்துக் கணக்கை ஏற்றுவது நியாயமில்லை.

உண்மையைச் சொல்லுங்க, பெர்க்மன் இல்லேன்னா இவங்க யாரு?

கிறிஸ்டினா. யான் ட்ரோயல் இயக்கிய 'த எமிகிரன்ட்ஸ்' (1971), 'த நியூ லேண்ட்' (1972) இரண்டையும் பாருங்கள். வில்ஹெல்ம் மூபெரியின் நாவல்களிலிருந்து எடுத்தவை. ஸ்வீடனின் ஸ்மாலாந்தில் கல்லோடு மல்லாடும் ஒரு விவசாயக் குடும்பம் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கப்பலேறி அமெரிக்காவின் மினசோட்டாவுக்குப் போகிறது. கணவன் கார்ல் ஆஸ்கராக மாக்ஸ் வான் சிடோ, மனைவி கிறிஸ்டினாவாக லிவ்.

பெர்க்மன் படங்களில் அறைக்குள் அடைபட்ட படித்த பெண்ணாகப் பார்த்தவரை இங்கே அடையாளமே தெரியாது. பிள்ளை பெறுகிறாள், பிள்ளையைப் பறிகொடுக்கிறாள், கப்பலில் பேன் பிடித்துத் தவிக்கிறாள், ரத்தம் சிந்திச் சாகும் நிலைக்குப் போகிறாள். கணவனுக்குப் புதிய மண் கிடைத்துவிட்டது. அவளுக்கோ விட்டு வந்த ஊர் உள்ளே அழுகாமல் இருந்துகொண்டே இருக்கிறது. ஊரை விட்டுப் பிழைக்கப் போன யாருக்கும் இந்தப் பெண் புரிவாள். பெர்க்மனுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. லிவின் முதல் ஆஸ்கர் பரிந்துரை 'த எமிகிரன்ட்ஸ்' படத்துக்குத்தான். கோல்டன் குளோபும் வாங்கினார்.

மேடையையும் மறக்க வேண்டாம். 1975-இல் நியூயார்க்கில் இப்சனின் 'எ டால்ஸ் ஹவுஸ்' நாடகத்தில் நோராவாக, 1977-இல் 'அன்னா கிறிஸ்டி'யாக நடித்தார், இரண்டுக்கும் டோனி என்ற அமெரிக்க நாடக விருதுக்கான பரிந்துரை. 1979-இல் ரிச்சர்ட் ராட்ஜர்ஸின் கடைசி இசை நாடகத்தில் நார்வே குடியேறியான தாயாக வந்தார்.

அவ்வளவு பேர் இருந்தும் ஹாலிவுட்ல ஏன் எடுபடலை?

கிடைத்த படங்கள் அப்படி. 1973-இல் மட்டும் 'லாஸ்ட் ஹொரைசன்' என்ற பாட்டுப் படம் படுத்துக்கொண்டது. '40 கேரட்ஸ்' படத்தில் இளைஞனைக் காதலிக்கும் நாற்பது வயதுப் பெண்ணாக நடிக்க வைத்தார்கள், அவருக்கு அப்போது 34. சிரிக்க வைக்கும் வேகமான வசனத்துக்கு இன்னொருவரைப் போட்டிருக்கலாம். கேட்கும்போது ஒளிரும் முகத்தை வைத்துக்கொண்டு ஓடவும் ஆடவும் விட்டார்கள். ஸ்வீடன் மகாராணி கிறிஸ்டினாவாக நடித்த 'த அப்டிகேஷன்' படமும் ஓடவில்லை. விதிவிலக்காக 'எ பிரிட்ஜ் டூ ஃபார்' (1977) படத்தில், காயம்பட்ட வீரர்களுக்கு வீட்டைத் திறந்துவிடும் டச்சுப் பெண்ணாகக் கொஞ்ச நேரமே வந்து மனதில் நிற்பார்.

ஆஸ்கர் கிடைச்சுதா இல்லையா? ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு மாதிரி போட்டிருக்கு.

போட்டியில் கிடைக்கவில்லை, கௌரவ விருதாகக் கிடைத்தது. சிறந்த நடிகைக்கான பரிந்துரை இரண்டு முறை: 'த எமிகிரன்ட்ஸ்' (லைசா மினெல்லியிடம் தோற்றார்), 'ஃபேஸ் டு ஃபேஸ்' (ஃபே டனவேயிடம்). 2022 மார்ச்சில் கௌரவ ஆஸ்கர்.

'சீன்ஸ் ஃப்ரம் எ மேரேஜ்' ஏன் பட்டியலிலேயே இல்லை என்று கேட்பவர்களுக்கு: அது முதலில் தொலைக்காட்சியில் வந்துவிட்டது, விதிப்படி தகுதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஃபெல்லினி, ஃப்ராங்க் காப்ரா உட்பட 24 இயக்குநர்கள் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தும் பயனில்லை. நியூயார்க் திரை விமர்சகர் வட்டமோ 1972, 1974, 1976 என்று மூன்று முறை அவரைச் சிறந்த நடிகையாகத் தேர்ந்தெடுத்தது. என் கணக்கில் அதுதான் பெரிது.

மார்லன் பிராண்டோ ஆஸ்கரை வேண்டாம்னு சொன்ன மேடையில இவங்களும் இருந்தாங்களா?

இருந்தார். 1973 மார்ச்சில் சிறந்த நடிகர் விருதை அறிவித்தவர்கள் லிவும் ரோஜர் மூரும். பிராண்டோவுக்குப் பதிலாக மேடையேறிய சஷீன் லிட்டில்ஃபெதர், ரோஜர் மூர் நீட்டிய சிலையைக் கையால் விலக்கிவிட்டு, அமெரிக்கப் பூர்வகுடிகளைத் திரைப்படங்கள் நடத்தும் விதத்தைக் கண்டித்துப் பேசினார். பழைய ஒளிப்பதிவில் லிவையும் பார்க்கலாம்.

இயக்குநராவும் படம் எடுத்திருக்காங்களா?

ஐந்து முழுநீளப் படங்கள். முதலாவது 'சோஃபி' (1992), கோபன்ஹேகன் யூதக் குடும்பம் ஒன்றின் கதை, டேனிஷ் மொழியில். அப்புறம் நோபல் பரிசு பெற்ற சிக்ரிட் உன்செட்டின் நாவலிலிருந்து 'கிறிஸ்டின் லாவ்ரன்ஸ்தாத்தர்' (1995). பெர்க்மனின் திரைக்கதையில் 'ப்ரைவேட் கன்ஃபெஷன்ஸ்' (1996), 'ஃபெய்த்லெஸ்' (2000). கடைசியாக ஸ்ட்ரிண்ட்பெரியின் நாடகத்தை அயர்லாந்துக்கு மாற்றி 'மிஸ் ஜூலி' (2014). அதில் நாயகி ஜெசிக்கா சாஸ்டெய்ன், மேலே சொன்ன ஹெச்பிஓ தொடரில் மரியனின் இடத்துக்கு வந்த அதே நடிகை.

மேடை இயக்கமும் உண்டு. 2009-இல் சிட்னியில் கேட் பிளான்செட்டை வைத்து 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' நாடகத்தை இயக்கினார். வாஷிங்டனுக்கும் நியூயார்க்குக்கும் அந்த நாடகம் போனது.

பிரிஞ்சுபோன மனுஷன் தன் துரோகத்தைப் பத்தி எழுதின கதையை இவங்க ஏன் இயக்கணும்?

'ஃபெய்த்லெஸ்' பார்த்த ஒரு பெண் கொஞ்சம் கோபமாகவே கேட்டது இது. தீவில் தனியாக இருக்கும் வயதான இயக்குநர் ஒருவர், மேசைக்கு எதிரே ஒரு பெண்ணை வரவழைத்து, அவளுடைய கள்ளக் காதலையும் அது உடைத்த குடும்பத்தையும் சொல்லச் சொல்லிக் கேட்கிறார். இளமையில் பெர்க்மன் செய்ததன் நிழல் அதில் இருக்கிறது. அந்த முதியவரின் பெயரே படத்தில் 'பெர்க்மன்'தான்.

தானே இயக்காமல் லிவிடம் அவர் கொடுத்தார். லிவ் அதை வெறும் பாவமன்னிப்பாக எடுக்கவில்லை. பெரியவர்கள் கட்டிலிலும் கோர்ட்டிலும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது இஸபெல் என்ற குழந்தை வாசற்படியில், காரின் பின்சீட்டில், படுக்கையில் விழித்தபடி இருக்கிறாள். அந்தக் குழந்தைக்குப் படத்தில் கிடைத்திருக்கும் இடம் லிவ் கொடுத்தது. ஆறு வயதில் தந்தையை இழந்தவர், விலகி வாழ்ந்த பெற்றோருக்கு நடுவே ஒரு மகளை வளர்த்தவர். என் பார்வையில் கோபத்துக்கான பதில் அங்கேயே இருக்கிறது.

அகதிகளுக்காக வேலை செஞ்சாங்கன்னு கேள்விப்பட்டேன். பேருக்குத்தானே?

இல்லை. 1980-இல் யூனிசெஃப் நல்லெண்ணத் தூதரானார், அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். அதே வருடம் கம்போடியப் பஞ்சத்தின்போது தாய்லாந்து எல்லைக்கு நடந்துபோனவர்களில் ஒருவர். 1989-இல் பெண் அகதிகளுக்கான ஆணையம் ஒன்றைத் தொடங்கியவர்களில் அவரும் உண்டு, அது இன்றும் நியூயார்க்கிலிருந்து இயங்குகிறது. குழந்தையாக நாடு விட்டு நாடு போனவர் என்பதை இரண்டாவது பதிலில் பார்த்தோம்.

மகளும் நடிகையா?

'ஆட்டம் சொனாட்டா' போன்ற சில படங்களில் சிறுமியாக வந்தார், அவ்வளவுதான். லின் உல்மன் நார்வேயின் முக்கியமான நாவலாசிரியர். பெற்றோரைப் பற்றி அவர் எழுதிய நாவலும் உண்டு. லின்னின் மகன் ஹால்ஃப்தான் உல்மன் தாண்டெல் இயக்குநர். முதல் படமான 'அர்மான்ட்' 2024-இல் கான் விழாவில் அறிமுக இயக்குநருக்கான 'கேமரா தோர்' விருதை வாங்கியது.

லிவ், பெர்க்மன் உறவைப் பற்றி 2012-இல் வந்த 'லிவ் அண்ட் இங்மார்' ஆவணப்படத்தை எடுத்தவர் இந்தியரான தீரஜ் அகோல்கர். ஃபாரோ வீட்டின் கதவில் இருவரும் வரைந்து வைத்த இதயங்களும் கண்ணீர்த் துளிகளும் அதில் வருகின்றன.

சரி, எதுல ஆரம்பிக்கட்டும்?

'பெர்சோனா'வில் மட்டும் வேண்டாம். அதைப் போட்டுக் காட்டித்தான் இரண்டு மூன்று பேரை நான் இழந்தேன். 'ஆட்டம் சொனாட்டா' ஒன்றரை மணி நேரம், அம்மாவும் மகளும், யாருக்கும் புரியும். பிறகு 'சீன்ஸ் ஃப்ரம் எ மேரேஜ்' தொடர். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒதுக்கி 'த எமிகிரன்ட்ஸ்', 'த நியூ லேண்ட்' இரண்டும். அதற்குப் பிறகு 'பெர்சோனா' தானாகப் பிடிபடும்.

'சாராபேண்ட்' கடைசியில்தான். 'சீன்ஸ்' தொடரின் நான்காம் பகுதியில் மரியன் தன்னைப் பற்றி எழுதியதை யோஹானுக்குப் படித்துக்காட்டுவாள், திரையில் அவள் சிறுவயதுப் புகைப்படங்கள் ஓடும். அவை லிவின் சொந்தப் புகைப்படங்கள். படித்து முடித்து நிமிர்ந்து பார்த்தால் யோஹான் தூங்கிப்போயிருப்பான். முப்பது வருடம் கழித்து 'சாராபேண்ட்' தொடங்கும்போது அதே மரியன், அறுபதைத் தாண்டிய லிவ், மேசை நிறையப் புகைப்படங்களைப் பரப்பி உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு நேராக நம்மைப் பார்த்துப் பேசுகிறாள்.